கீழே எப்போதும் ஏ

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் காயப்போடும் தெருவின் முனையில் இருக்கிற தேவாலயத்தில் பாடல் குழுவுக்குத் தலைவி ஓக் ஹேரான். வார நாட்களில் டியூஷன் சென்டரில் கணக்கு நடத்துவாள். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிப்பாள். குழுவில் அவளைத் தவிர இரண்டே பேர்தான். டிரம்ஸுக்கு மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் மான்சோக். பேஸ் கிட்டாருக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தக் சுன்யோங்; சபையில் டீக்கன் பட்டமும் உள்ளவள்.

சுன்யோங்கிடம் ஹேரானுக்கு ஒரு குறை உண்டு. வெளியே சொன்னதில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளிடம் போய் "நீங்கள் வாசிப்பது போதாது" என்று எப்படிச் சொல்வது? பாட்டு ஓடும்போது சுன்யோங் நன்றாகத்தான் வாசித்தாள். கூட்டு ஜெபம் தொடங்கியதும்தான் வினை. சபை முழுக்க ஒரே நேரத்தில், அவரவர் குறையை அவரவர் வாய்விட்டுச் சொல்லிக் கதறும் ஜெபம் அது. அப்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் பாடல் குழு மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று போதகருக்கே தெரியாது. அவர் ஆமென் சொன்ன மறு கணம் எல்லோரும் ஒன்றாகப் பாட்டை எடுக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஹேரான் பத்து விரலும் நோக, பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கார்டுகளை மாற்றி மாற்றி வாசிப்பாள். சுன்யோங்கோ ஏ என்ற ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பாள்.

"நான் சமைக்கிறேன், அக்கா அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்று ஒருமுறை மான்சோக்கிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஹேரானின் சமையல் தீய்ந்துபோனது. ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. அவளும் எங்கெங்கோ போய்த் திரும்பி, போதகர் ஆமென் சொன்னபோது பாட்டுக்கான கார்டைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் அது வேறு சுருதி என்று தெரிந்தது. சபையில் பாதிப் பேர் அவளோடு மேலே போனார்கள். பாதிப் பேர் பழகிய இடத்திலேயே கீழே நின்றார்கள். முதல் வரி முடிவதற்குள் பாட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. முன்வரிசை மூப்பர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிழை புத்தகத்தில் இருக்கிறது என்பதுபோல.

அடுத்த வாரம் போதகர் பியோ ஹேரானைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தச் சபைக்குப் புதிதாக வந்தவர். கோபப்படாதவர், அதனாலேயே அவரிடம் வாதாடுவது சிரமம். செல்போனில் ஒரு செயலியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். அதிலிருந்து ஆர்கனும் காற்றும் கலந்தாற்போல ஒரு சத்தம் எழுந்து அறையை நிரப்பியது. நின்றபாடில்லை.

"ஏ சுரம்தானே இது? ஒரு பட்டனை அழுத்தினா நாள் முழுக்கப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். சோர்வு கிடையாது, காய்ச்சல் கிடையாது" என்றார். "காலேஜ் நுழைவுத் தேர்வு நாள் ஜெபத்துக்கு இதையே வெச்சுக்கலாம்னு பாக்கிறேன். தக் டீக்கனம்மாவோட பையனும் அன்னைக்குத்தானே பரீட்சை எழுதறான்? பாவம், அவங்களும் மத்த அம்மாங்களோட உக்காந்து ஜெபம் பண்ணட்டுமே."

"அன்னைக்கு மட்டுமா, பாஸ்டரய்யா?"

"நல்லா இருந்தா அப்புறமும்தான். அவங்க வாசிக்கிறதும் ஒரே சுரம், இதுவும் ஒரே சுரம். நீங்கதான் குழுத் தலைவி. முடிவு உங்க கையில. சனிக்கிழமை ஒத்திகையில அவங்ககிட்ட சொல்லுங்க."

ஹேரான் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். அவள் மனசுக்குள் நான்கு வருடமாகச் சொல்லிவந்ததைத்தான் போதகர் மரியாதையாகச் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் சந்தோஷம் வரவில்லை. நாலு வருடம் பக்கத்தில் நின்ற ஒரு ஆளை வெளியே அனுப்புகிற சொல் தன் வாயிலிருந்து வர வேண்டும் என்பது, சாப்பாட்டில் கல் போல உறுத்தியது.

சனிக்கிழமை ஒத்திகைக்குச் சற்று முன்னதாகவே போய்விட்டாள். சுன்யோங்கின் கிட்டார் ஒலிக்கும் ஆம்ப் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் அதே செயலியை இறக்கிய தன் செல்போனைச் சொருகினாள். மான்சோக் பட்டனுக்குக் காவல்.

முதலில் பிரமாதமாக இருந்தது. கீழே ஏ பாய் விரித்ததுபோல இருக்க, மேலே என்ன வாசித்தாலும் எடுப்பாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த ஏ காதிலிருந்து மறைந்துபோயிற்று. சத்தம் இருந்தது, ஆனால் மின்விசிறிச் சத்தம் போல, இருக்கிறதா இல்லையா என்ற நினைப்பே இல்லாமல் இருந்தது. பாட்டு கடைசியில் வந்து சேரும் சுரம், அதன் வீடு, டி. அங்கே வந்து இறங்கலாம் என்று டி கார்டை வாசித்தாள். இறங்க முடியவில்லை. கீழே ஏ விடாமல் ஓடிக்கொண்டிருந்ததால், வந்த மனுஷன் வாசற்படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல டி நின்றது.

"நிறுத்துடா, நிறுத்து!"

"நிறுத்திட்டேன்க்கா. அது மெல்ல மெல்லத்தான் அடங்கும் போல. மரியாதை தெரிஞ்ச மெஷின்."

மறுபடி பார்த்தார்கள். இந்த முறை மான்சோக் முன்கூட்டியே அழுத்தினான். ஹேரான் இன்னும் பாதி வழியிலேயே இருந்தாள். கீழே தரை காணாமல் போயிற்று. அந்தப் பதற்றத்தில் மான்சோக்கின் டிரம்ஸ் குச்சி ஒன்று கைநழுவி மேடையில் உருண்டது.

"குச்சி விழு..." என்று ஆரம்பித்தாள் ஹேரான்.

"ஒட்டிக்கிச்சு!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கத்தியது. "தரையில ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு! வீட்ல பரீட்சை எழுதற பையனை வெச்சுக்கிட்டு, விழுந்துச்சு வழுக்கிச்சுன்னு எவளாவது சொன்னா வாயில மிட்டாயை ஒட்டிடுவேன்."

சுன்யோங் கிட்டாரை முதுகிலும் சவ்வு மிட்டாய்ப் பெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். தேர்வு மாதம் முழுக்க அந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். தேறுவதற்கும் ஒட்டுவதற்கும் அங்கே ஒரே சொல்; தோற்பதற்கும் விழுவதற்கும் அப்படியே. அதனால் மிட்டாய் ஒட்ட வேண்டும், சோற்று உருண்டை ஒட்ட வேண்டும், கீழே போனதும்கூட ஒட்டத்தான் வேண்டும். கடற்பாசி சூப் மட்டும் ஆகாது, வழுக்கும்.

பெட்டியை வைக்கும்போதுதான் பிடுங்கிப் போட்ட வயரைப் பார்த்தாள். பிறகு செல்போனை.

"ஓகோ. புது ஆள் வந்தாச்சா? டீக்கன் பட்டம் குடுத்தாச்சா, இல்ல ஞானஸ்நானத்தோட நிக்குதா?"

மான்சோக் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று ஹேரானைப் பார்த்தான். ஹேரான் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒளிக்கவில்லை; முடிவு தன் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

சுன்யோங் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உக்காரச் சொன்னா உக்காருறேன், ஹேரான். ஆனா கையை எங்க வெச்சுக்கிறது? மத்த அம்மாங்க கத்துவாங்க, அழுவாங்க, நெஞ்சுல குத்திக்குவாங்க. எனக்கு அதெல்லாம் வராது. வாயைத் திறந்தா 'ஆண்டவரே, அவன் சோம்பேறி, உங்களுக்கே தெரியும்'னுதான் வரும். பையனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"ஒரு தடவை வாசிங்கக்கா" என்றாள் ஹேரான். "மெஷினோட வாசிச்சேனே, அதையே உங்களோட வாசிச்சுப் பாக்கிறேன்."

வயரை மாட்டினார்கள். ஹேரான் இந்த முறை தன் விரலைப் பார்க்கவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக, வாசித்துக்கொண்டே சுன்யோங்கின் கையைப் பார்த்தாள்.

ஒரே சுரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை; ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்தது. ஹேரான் டி, ஜி என்று பக்கத்திலேயே உலாவியபோது சுன்யோங்கின் விரல் கம்பியைச் சும்மா தடவிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே பி-ஃப்ளாட்டுக்குப் போனாள் ஹேரான். ஏ-யோடு ஒட்டாத கார்ட் அது; கீழே இருப்பவள் பயந்து நகர்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள். அந்த இடத்தில் சுன்யோங் விரலை ஊன்றினாள். சத்தம் கூடவில்லை, கனம் கூடியது. மேலே இருந்த பி-ஃப்ளாட்டுக்கு உடம்பு முறுக்கேறி, எங்கே போய் அவிழலாம் என்று துடித்தது. அப்போதுதான் ஹேரானுக்கு உறைத்தது. தன் கார்டுகளில் இத்தனை நாளும் தனக்குப் பிடித்திருந்த அந்தத் தவிப்பு தன் பத்து விரலில் இல்லை. நகராமல் நின்ற அந்த ஒற்றை விரல், தான் போன தூரத்தை அளந்து காட்டிக்கொண்டிருந்தது. நிலையான ஒன்று கீழே இல்லாவிட்டால், விலகிப் போனோம் என்பதே தெரியாது.

ஹேரான் டி-க்குத் திரும்பினாள். சரியாக அந்தக் கணத்தில் சுன்யோங் ஏ-யை விட்டுவிட்டு, கீழே டி-யில் இறங்கினாள். மான்சோக் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டான்.

"எப்படிக்கா தெரிஞ்சுது, நான் இப்ப வரப்போறேன்னு?"

"உன் இடது தோள் இறங்கும். ஆமா, இத்தனை வருஷமா இறங்குது. உனக்குத் தெரியாதா?" சுன்யோங் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "ஒட்டிக்கிட்டு இருக்கிறது ஒரு பெரிய விஷயமா? சூயிங்கம்கூட ஒட்டும். விட வேண்டிய நேரத்துல விடணும். அந்தச் செல்போனுக்கு நீ இருக்கறதே தெரியாதே."

ஹேரான் ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். மேலே ஜி, கீழே ஏ. மேலே இ-மைனர், கீழே ஏ. மேலே டி, கீழே ஏ. நடுவே ஒரு கோடு. கணக்கில் வரும் பின்னம் போல இருப்பதால், பின்னக் கார்ட் என்றுதான் அந்த ஊர் வாத்தியக்காரர்கள் இதைச் சொல்வார்கள். கோட்டுக்கு மேலே இருப்பது கீபோர்டுக்கு, கீழே இருப்பது பேஸுக்கு. அதனால் அவள் மேல்பாதியை மட்டும் படித்துப் பழகியிருந்தாள். கீழ்பாதியை எழுதுவாள், வாசித்ததில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள்: கீழே இருக்கிற எண் ஒன்றாக இருந்தால்தான் மேலே இருப்பதைக் கூட்ட முடியும், இல்லாவிட்டால் கூட்டல் என்ற பேச்சே கிடையாது என்று.

"இந்த வரியில மேலயும் ஏ, கீழயும் ஏ" என்று எட்டிப் பார்த்தான் மான்சோக். "ரெண்டையும் அடிச்சுட்டு ஒண்ணுன்னு போட்டுடலாமேக்கா?"

"போய்க் குச்சியை எடுடா."

சிரித்துக்கொண்டே திரும்பியவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அக்கா, அக்டோபர்ல நான் சுருதியை விட்டேனே, அந்த ஞாயித்துக்கிழமை நீங்க..."

"நான் வரலியே. காய்ச்சல். ஏன்?"

ஹேரானுக்கு விடை கிடைத்துவிட்டது. அன்று தான் கூட்டிய கூட்டலில் கீழே எண்ணே இருந்திருக்கவில்லை.

மாலையில் போதகரிடம் போய், பேஸ் இருக்கும் என்று சொன்னாள். காரணம் கேட்டார். சொன்னாள், அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

"சரி. உங்க முடிவு. ஆனா அன்னைக்குப் பக்கத்துச் சபைகள்லேர்ந்தும் பெத்தவங்க வருவாங்க. ஏற்கெனவே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு வர்றவங்க. மறுபடியும் பாட்டு ரெண்டாப் போச்சுன்னா, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து மெஷின்தான். நான் தக் டீக்கனம்மாகிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க" என்றாள் ஹேரான்.

தேர்வு நாள் வியாழக்கிழமை. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, அம்மா அப்பாக்கள் நேரே தேவாலயத்துக்கு வந்தார்கள். மேடையின் முன்னால் பிள்ளைகளின் போட்டோக்கள் வரிசையாக நின்றன. தூணில் தேர்வு அட்டவணை ஒட்டியிருந்தது. அங்கே மொழித்தாள் தொடங்கினால் இங்கே மொழித்தாளுக்கு ஜெபம்; அங்கே கணக்கு என்றால் இங்கே கணக்கு. இடைவேளை விட்டால் இவர்களும் எழுந்து கழிவறைக்குப் போனார்கள். கணக்கு நேரத்தில் ஹேரான் தன் மாணவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்து வாசித்தாள். காலை முழுக்க எந்தச் சிக்கலும் இல்லை.

மதியம் ஆங்கிலம். அதில் முதலில் வருவது ஒலிபெருக்கியில் கேட்டு விடை எழுதும் பகுதி. அந்த நேரத்தில் நாடு முழுக்க விமானங்கள் எழும்பாது. தினம் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கும் ராணுவ விமானங்கள்கூட அன்று தரையில். அந்த அமைதியில் ஊர்க்காரர்கள் அடிக்கடி கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

போதகர் கூட்டு ஜெபத்தைத் தொடங்கிவைத்தார். சபை கதற ஆரம்பித்தது. ஹேரானும் சுன்யோங்கும் அடியில் வாசித்தார்கள். அட்டவணையில் அந்தக் கேட்கும் பகுதியின் நேரம் வந்ததும், யாரும் சொல்லாமலே, முன்வரிசையில் ஒருத்தி குரலைத் தாழ்த்தினாள். அடுத்தவள் தாழ்த்தினாள். காற்று அடங்குவதுபோல வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கியது. பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில், ஆற்றுக்கு அப்பால். ஆனாலும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பின்னால் ஒரு பெரியவர் இருமினார்.

"ஷ்ஷ்! பிள்ளைங்க காதுல விழும்" என்று ஒரு அம்மா சீறினாள்.

"'விழும்'னு சொல்லாத!" என்று பக்கத்தில் இருந்தவள் அதைவிடப் பதறிக் கிசுகிசுத்தாள்.

போதகர் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். மான்சோக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். ஹேரான் கீபோர்டின் ஒலியைக் குறைத்தாள். அதுவும் அதிகம் என்று பட்டது. கடைசியில் கையை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் யோசித்தாள். இந்த அமைதி முடியும்போது எல்லோரும் பாட்டை எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பார்கள்? இப்போது ஒரு கார்டைத் தட்டினால் சபையே துள்ளி விழும். தட்டாவிட்டால் ஆளுக்கொரு சுருதி. மறுபடியும் அக்டோபர்தான்.

அப்போது பாதத்தில் ஏதோ தட்டுப்பட்டது. அந்தத் தேவாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். காலுறைக்கு அடியில் மரத்தரை மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. சுன்யோங் நிறுத்தவில்லை. ஆம்ப்பை ஏறக்குறைய அணைத்துவிட்டு, கையின் கட்டை விரல் சதைப்பகுதியால் அந்த ஏ-யைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். காதால் கேட்டார்களா, காலால் கேட்டார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் முன்வரிசை மூப்பர், அக்டோபரில் புத்தகம் புரட்டினாரே அவர், கண்ணை மூடியபடி அந்தச் சுரத்தை மூக்குக்குள் மெல்ல முனகிக்கொண்டிருந்தார். தான் முனகுகிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

சுன்யோங் சுவரைப் பார்க்கவில்லை என்பதை ஹேரான் அப்போதுதான் கண்டாள். நான்கு வருடமாகத் தவறாக நினைத்திருக்கிறாள். மேடையில் அவள் நிற்கும் மூலையிலிருந்து பார்த்தால், பிரசங்க மேடைக்குப் பின்னால் போதகரின் பாதங்கள் மட்டும் தெரியும். சாம்பல் நிறக் காலுறை. முன்பிருந்த போதகருக்கும் அங்கேதான் பாதம் இருந்திருக்கும்.

அங்கே மேடைக்கு முன்னால் இருந்த போட்டோக்களில் இடமிருந்து மூன்றாவது, சுன்யோங்கின் மகன் இன்ச்சோல். ஹேரானின் மாணவன்; ஆங்கிலம் கேட்டு எழுதுவதில்தான் அவன் மோசம். சுன்யோங் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. போதகரின் பாதங்களையே பார்த்தாள். கையின் கட்டை விரல் மட்டும் கம்பிக்குப் போய்ப் போய் வந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ளத் தெரியாது என்றாளே, அது சரிதான்.

தூணருகே நின்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கேட்கும் பகுதி முடிந்தது. போதகர் வாய் திறந்து, மெல்லிய குரலில், இயேசுவின் நாமத்தில் என்று ஆரம்பித்தார். அவருடைய இரண்டு குதிகால்களும் தரையை விட்டு மேலே எழும்பின. எட்டி எதையோ எடுக்கப் போகிறவர் போல. சுன்யோங் ஏ-யில் விரலை ஊன்றினாள்.

"ஆமென்."

குதிகால்கள் தரையில் இறங்கின. அதோடு ஏ டி-யில் இறங்கியது.

ஹேரான் இன்னும் கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குள் சபை பாடத் தொடங்கிவிட்டது. இத்தனை பேர், மூன்று சபை ஆட்கள், ஒரு முன்னிசையும் இல்லாமல், ஒரே சுருதியில், ஒரே மூச்சில். அடைத்து வைத்திருந்த அத்தனை குரலும் மொத்தமாக அவிழ்ந்து கூரையில் மோதியது. மான்சோக் பாய்ந்து குச்சிகளை எடுத்தான். ஹேரான் கடைசியாகச் சேர்ந்துகொண்டாள். தன்னை விட்டுவிட்டு ஓடும் பேருந்தில் தொற்றி ஏறுகிறவளைப் போல, வெட்கமும் சிரிப்புமாக.

கடைசித் தாள் முடிந்து கூட்டம் கலைந்தபோது, போதகர் மேடைக்கு வந்தார். சுன்யோங் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அமைதியில ஒரு சுரம் இருந்துச்சே" என்றார். "நீங்க வாசிச்சதா?"

"ஆமா, பாஸ்டரய்யா. தொந்தரவா இருந்துச்சா?"

"இல்ல. நான் அது மேலதான் நின்னுக்கிட்டிருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆமென் எப்ப சொல்றதுன்னு இன்னைக்கு எனக்கே தெரியலை. அது கொஞ்சம் அழுத்தின மாதிரி இருந்துச்சு. சரி, சொல்லிடலாம்னு தோணுச்சு."

சுன்யோங்கும் ஹேரானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குதிகால் எழும்பியதால் அவள் அழுத்தினாளா, அவள் அழுத்தியதால் அவர் முடித்தாரா?

"உங்களுக்குக் கீழ இருக்கிறவங்க சொல்றதைக் கேளுங்கன்னு அர்த்தம், பாஸ்டரய்யா" என்றாள் சுன்யோங்.

போதகர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, அந்தச் செயலியை எப்படி நீக்குவது என்று கேட்டு மான்சோக்கிடம் நீட்டினார்.

சுன்யோங் கிட்டாரை ஹேரானின் கையில் கொடுத்தாள். "இதைப் பத்திரமா வை. நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போகணும். அவன் வெளிய வர்றப்ப நான் அங்க நிக்கலைன்னா, ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவான்." வாசலில் ஒற்றைக் காலில் தடுமாறியபடி செருப்பை மாட்டினாள். "ஏய், படிக்கட்டுல தண்ணி கிடக்கு. நடக்கறவங்க பாத்து நடங்க. யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல வேணாம்!"

ஹேரான் ஸ்டாண்டிலிருந்து தாள்களை எடுத்தாள். பையில் வைக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தாள், கோட்டுக்குக் கீழே இருந்ததை மட்டும். ஏ. ஏ. ஏ. ஏ. பக்கம் முழுக்க அதுதான். கடைசியில் ஒரே ஒரு டி.